எல்மர் றீட்டின் சகோதரர்கள்

"சகோதரங்களின்ரை பேரைச் சொல்லுங்கோ அக்கா" என்று தொலைபேசியில் மகேந்திரராசா கேட்டபோது, அன்று காலையில் இறந்துபோன தன் கணவரின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் யோசெப்பின்.

மகேந்திரராசா கனடாவில் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவர். யாழ்ப்பாணத்தார் ஒருவர் செத்தால், மாமன் மச்சான் பெறாமக்கள் எல்லாரையும் வாசித்து முடிக்க அவருக்குத் தண்ணீர் தேவைப்படும். எல்மர் றீட் என்ற இந்த அமெரிக்கக் கறுப்பரோ "யோசெப்பினின் அன்புக் கணவர்" என்பதோடு முடிந்துபோனார்.

"அவருக்கு ஒருத்தரும் இல்லையோ?"

ஊசி நின்றது.

"இருக்கினம். எழுதுங்கோ. லூதர், இடக்கை ஓட்டிஸ், கட்டை வில்லியம்..."

"பட்டப்பேரும் வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ. இல்லாட்டி ஆளைத் தெரியாது."

அவர்கள் எல்மர் ஆடிய ஹெரன்ஸ் என்ற பேஸ்போல் கழகம். வெள்ளையர் கழகங்கள் கறுப்பரைச் சேர்க்காத காலத்தில், கறுப்பருக்கென்றிருந்த லீக்கில் ஆடியவர்கள். ஹோட்டல்களில் அறை கொடுக்கமாட்டார்கள், பஸ்ஸிலேயே தூங்கினார்கள். லூதர் அடித்த பந்தொன்று ஓடும் சரக்கு ரயிலில் விழுந்து, இவர்களுக்கு முன்னரே அடுத்த ஊரைச் சேர்ந்தது. இடக்கை ஓட்டிஸ் எறியும் பந்து கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்டுத்தான் நடுவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு வெள்ளையர் கழகங்கள் கறுப்பரில் கெட்டிக்காரரைப் பொறுக்கியெடுத்தன. சனமும் அவர்கள் பின்னால் போயிற்று. ஹெரன்ஸின் பஸ்ஸை ஒருவர் கோழி வளர்க்க வாங்கினார்.

எல்மர் கியூபெக்குக்கு ஆட வந்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கி, வயது போனபின் மாதா கோயில் பூசையில் பக்கத்தில் இருந்த மன்னார் விதவை யோசெப்பினைக் கலியாணம் செய்தார். அவள் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் யார் எந்த இடத்தில் நின்றார் என்று நித்திரையிலும் சொல்வாள். அவளைத் தவிர அதைச் சொல்ல இனி ஆளில்லை.

அவர்கள் எல்லாரும் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் "காலஞ்சென்ற" என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. மகேந்திரராசாவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. எல்மரோடு ஒரு சொல்லும் கதைத்திராதவர்கள்கூட வானொலியில் கேட்டு வந்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து இத்தனை சகோதரர் வருகிறார்களென்றால் சும்மாவா. முன்வரிசை வாங்குகளை அவர்களுக்கு விட்டுவிட்டு, பின்சுவரோடு நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் யோசெப்பின் மட்டும் இருந்தாள்.

பக்கத்து வீட்டு றோஸ்மேரி வந்து காதருகே குனிந்தாள்.

"எல்லையில மறிச்சுப் போட்டாங்களோ?"

"தூரம்தானே" என்றாள் யோசெப்பின்.

பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். "தொடங்கட்டோ அம்மா?"

அவள் சவப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு வெறும் வாங்குகளை.

"இன்னும் கொஞ்சம் பாப்பம், பாதர்."

றோஸ்மேரியின் புருசன் ஞானேந்திரன், "வயசு போன மனுசர், வழுக்கி விழுந்திடுவினம்" என்று சொல்லி, மூலையிலிருந்த, பனி உருகப் போடும் உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலின் மேல்படியில் தொடங்கி, பனியில் குனிந்து குனிந்து, தெருவரைக்கும் தூவினார்.