பதினெட்டு இஞ்ச் சக்கரம்

நான்காவது சக்கரத்தை மெக்கானிக் இறுக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவ்வளவு பெரிய வண்டியின் டயர் ஒரு கட்டைவிரலுக்கு அமுங்கிவிடுமா என்ன? இருந்தாலும் நாலு பக்கமும் போய் அழுத்தினார்.

“காத்து இன்னும் கொஞ்சம் கொறைப்பா. மெத்துன்னு இருக்கணும்.”

“இதுக்கு மேல கொறைச்சா வண்டி ஆடும்ணே.”

“ஆடட்டும். குதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

மெக்கானிக்கை எல்லாரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டியைத் தூக்கி நிறுத்தி வைத்திருப்பான். கழற்றிய இருபத்திரண்டு இஞ்ச் சக்கரங்கள் சுவரோரம் பளபளவென்று சாய்ந்திருந்தன. மகளுக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் என்று தெரிந்த புதிதில், இந்த ஏழு பேர் வண்டியில் ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு அதில் கால் வைத்துத்தான் ஏறுவாள். “உங்கப்பா என்னை ஆனை மேல ஏத்தி ஊர்வலம் கூட்டிட்டுப் போறார்” என்று சிரிப்பாள். சிரிப்பு முடிவதற்குள் முகம் சுருங்கிவிடும். அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேரே ஜாக்கியிடம் வந்து வண்டியின் உயரத்தை இறக்கச் சொன்னார்.

முன்னால் இரண்டு இஞ்ச், பின்னால் மூன்று இஞ்ச். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டி இறங்கியதும் பழைய சக்கரம் சப்பென்று இருக்கிறது, பெரிய சக்கரம் போட்டால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும் என்று ஜாக்கி ஏற்றிவிட்டான். அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும்? இருபதா, இருபத்திரண்டா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். அம்மாவிடம் போனில் படம் காட்டிக் கேட்டார். “பெருசே போடுங்களேன், ஆசைப்படறீங்க” என்றாள் அம்மா.

சக்கரம் பெரிதாக ஆக, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெலிந்துகொண்டே போகும்; குழியின் அடி நேரே உள்ளே ஏறும். இது வீட்டில் மூன்று பேருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் அம்மா ஸ்டூல் இல்லாமல், வாசற்படி தாண்டுகிற மாதிரி ஏறி உட்கார்ந்தாள். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் குழியிலேயே அம்மாவின் நகங்கள் மகளின் மணிக்கட்டில் இறங்கின.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா கண்ணாடியில் பார்த்து.

“சொகுசா இருக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டாள். “சொல்லிக்கில்லி வைக்காதே. எனக்காகப் பண்ணியிருக்கார். சொன்னா மனுஷன் ஒடஞ்சு போயிடுவார்.”

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். மகள் வாயைத் திறக்கவில்லை. மணிக்கட்டில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில்தான் திறந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் பேசலாமா என்று அவள் கேட்டதற்கு அப்பா, “எதுக்கு? நம்ம வண்டி இருக்கே. அவளுக்குன்னே எறக்கின வண்டி” என்றார். அந்த ‘அவளுக்குன்னே’ என்ற சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

“அதுல ஏத்தினா அம்மா கத்துவாப்பா! இத்தனை நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்தா, தெரியுமா? ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் உயிர் வந்துச்சு. எல்லாம் உங்க சக்கரம் பண்ண வேலை.”

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சொகுசா இருக்குன்னாளே” என்றார்.

அம்மாவோ ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். “தெருவே எட்டிப் பாக்கும். நம்ம வண்டியிலயே போயிடலாம்.” உடனே அப்பா ஜாக்கியிடம் ஓடினார். பழைய ஸ்பிரிங்குகள் நல்லவேளையாக அவனிடமே கிடந்தன. பழைய பதினெட்டு இஞ்ச் சக்கரங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அந்த அடுக்கின் உச்சியில் அம்மா ஒரு ரோஜாத் தொட்டியை வைத்து, இதுதான் என்னுடைய வண்டி என்று கேலி செய்துகொண்டிருந்தாள். அப்பா தொட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சக்கரங்களைத் தானே கழுவி எடுத்துவந்திருந்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஊழியர்கள் அம்மாவைத் தூக்கி நடு சீட்டில் படுக்க வைத்தார்கள். தலை மகளின் மடியில். கனமே இல்லை. அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் சமையலறை ஸ்டூல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

“அது எதுக்குப்பா?”

“வண்டி மறுபடி ஒசந்துடுச்சில்ல? எறங்கும்போது வேணும்.”

வண்டி நகர்ந்தது. அம்மா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள்.

“ஒசரமா இருக்கே.”

“பழைய சக்கரத்தையே போட்டாச்சும்மா” என்றார் அப்பா.

அம்மா மகளைப் பார்த்தாள். “சொல்லிட்டியா?” என்று உதடு மட்டும் அசைந்தது. மகள் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா திட்டவில்லை. கையைத் தேடி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழி வந்தது. வண்டி லேசாக அமுங்கி எழுந்தது. நகம் இறங்கவில்லை.

“மெத்துன்னு இருக்குங்க” என்றாள் அம்மா.

இந்த முறை அது நிஜம். அப்பாவின் தோள்கள் தளர்ந்ததைப் பின்னாலிருந்தே மகள் கண்டாள். அவர் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா தூங்கிவிட்டாள். கடைவீதி போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சுவர் தெரியும்போது மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. மகள் காத்திருந்தாள். பிறகு புறங்கையை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“அப்பா” என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

எதிரே பள்ளிக்கூடத்து வேகத்தடை. அந்தப் பக்கத்திலேயே அதுதான் பெரியது. இறக்கிய வண்டியின் அடிவயிறு எத்தனையோ முறை அதில் உரசியிருக்கிறது. அப்பா ஏற்கெனவே வண்டியை ஊர விட்டிருந்தார். பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். ஒரு பைக்காரன் பக்கத்தில் வந்து, “என்னய்யா, தள்ளிட்டுப் போறியா?” என்று கத்திவிட்டுப் போனான். யாரையும் முந்த விடாத மனிதர், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் சக்கரங்கள் ஏறின, இறங்கின. தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து படுக்கைக்கு மாற்றுவது போல, பின் சக்கரங்களையும் ஏற்றி இறக்கினார். கழுத்தில் வேர்வை வழிந்தது.

“வலிச்சுதா அவளுக்கு?”

கண்ணாடியில் அவருடைய கண்கள் மகளைப் பார்த்தன.

“இல்லப்பா. தெரியவே இல்ல.”

“தூங்குறாளா?”

“ம்.”

“நம்ம தெரு முனையில ஒண்ணுதான் பாக்கி. அதையும் இப்படியே தாண்டிடலாம்.”

அதையும் அப்படியே தாண்டினார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று மகள் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துச் சொல்லாமல் இருந்தாள்.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு அப்பா ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேகமாகச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து ஸ்டூலைக் கீழே வைத்துக் கையால் அழுத்திப் பார்த்தார். ஆடியது. எடுத்துவிட்டு, செருப்புக் காலால் மண்ணைத் தேய்த்துச் சமமாக்கி, மறுபடி வைத்து அழுத்தினார்.

“இப்ப ஆடாது” என்றார். “எழுப்பு பாப்பா, மெதுவா.”

மணிக்கட்டின் மேல் கிடந்த அம்மாவின் கையை நகர்த்தாமல் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார்.