மூன்று எழுத்து நீங்கலாக

பார்சல் அலுவலகத்தில் முகவரி பார்த்துப் பிரிப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் எத்தனையோ கோழிக் கிறுக்கல்களைப் படித்து உரிய தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னையே திணறடித்த கையெழுத்து ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சொந்தக்காரரை நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சுவரில் காதை வைத்துக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வேலை முடிந்து அவர் எழுதிக் கொடுக்கும் தாள் திரும்பி வரும். "இதைப் படித்துச் சொல்ல ஆளையும் சேர்த்து அனுப்பவும்" என்று அவருடைய மேலாளர் ஒருமுறை அதன்மேல் எழுதி அனுப்பினார். இவருக்குக் கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை. லிஃப்ட் ஓடுதா இல்லையா, அதைப் பாரு என்றார்.

எங்கள் மகள் பதினோரு வாரம் முந்திக்கொண்டு பிறந்தாள். தொள்ளாயிரத்து எண்பது கிராம். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டியின் நம்பர் ஏழு என்பதால் அந்த வார்டில் எல்லோருக்கும் அவள் 'ஏழு'. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி பார்க்க விடுவார்கள். ஒருவர் மட்டும்தான் உள்ளே போகலாம். அதனால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். முதல் பதினைந்து நிமிடம் எனக்கு, அடுத்த பதினைந்து நிமிடம் அவருக்கு.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் நல்ல உயரம், வாயும் கொஞ்சம் நீளம். மூன்றாம் நாள் ஏதோ படிவத்தில் இவர் எழுதியதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, எறும்பு மையில விழுந்து எந்திரிச்சு நடந்த மாதிரி இருக்கு. பெட்டியிலேர்ந்து பிள்ளை தொட்டிலுக்கு மாறுற அன்னைக்கு, பேரை அட்டையில அப்பாவோ அம்மாவோதான் எழுதணும். இந்த வார்டுல அதான் பழக்கம். நீங்க எழுதிடாதீங்க, அவங்க எழுதட்டும்."

மேலாளர் சொல்லி உறைக்காதது சிஸ்டர் சொல்லி உறைத்தது. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டும், தூரிகை மாதிரி முனை வளைகிற பேனா ஒன்றும் அவர் சட்டைப் பையில் இருந்தன.

"நான்தான் எழுதுவேன்," என்றார் என்னிடம்.

பெயர் எங்களிடம் தயாராக இருந்தது. நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு பிள்ளை வர இருந்தது. ஏழாம் மாதமே இவர் ஒரு மரத்தொட்டில் வாங்கி, அதன் தலைப்பக்கம் அந்தப் பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயரைப் பெயிண்டால் எழுதினார். பிள்ளை தங்கவில்லை. தொட்டிலை வேறொருவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் உப்புத்தாளை வைத்து அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்தார். ஒரு மதியம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் இந்த முறை முதல் நாளே சொல்லிவிட்டேன். "நான் சொல்ற வரைக்கும் இவ பேரை வாயால சொல்லக் கூடாது. எங்கயும் எழுதக் கூடாது." இது யார் சொல்லிக்கொடுத்த வழக்கமும் இல்லை. சூடு கண்ட பூனையின் புத்தி, அவ்வளவுதான். அவர் "சரி" என்றார். ஒரு வார்த்தைதான் சொன்னார். அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் உள்ளே இருக்கும் பதினைந்து நிமிடம் அவருக்கு எழுத்து நேரம். வெளி பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைக்காமல், சாப்பாட்டுப் பையை நிமிர்த்தி அதன்மேல் வைத்துக்கொள்வார். முதல் வாரம் எழுத்தே கிடையாது. மேலிருந்து கீழே இழுக்கும்போது அழுத்திக் கோடு, கீழிருந்து மேலே போகும்போது தொட்டும் தொடாமலும் கோடு. அப்புறம் வளைவு. அப்புறம் சுழி. பக்கத்தின் மூலையில் தேதி. மோசமாக வந்த பக்கத்தையும் கிழிக்க மாட்டார். நன்றாக வந்துகொண்டிருந்தாலும் நான் வெளியே வந்த நொடியில் மூடியைப் போட்டுவிடுவார். பிடித்தால் உடும்புப் பிடி.

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உக்காந்து எழுதுறதுதானே, வீட்ல," என்றேன்.

"ஒரு மணி நேரம்னா நாலு நாள்ல விட்டுடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? இது கால் மணி, அதுவும் நீ உள்ள இருக்கிற வரைக்கும்தான். அந்த நேரத்துல சும்மா உக்காந்தா அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருப்பேன்."

எனக்கும் அந்தக் கதவு தெரியும்.

இரண்டாம் வாரம் ட, ப, ம என்று ஆரம்பித்தார். மூன்றுமே நேர்க்கோட்டை நம்பி நிற்பவை, பிழைத்துக்கொண்டார். அ-வுக்கு மூன்று முறை உட்கார்ந்தார். ழ ஒரு வாரம் அவரை அழவைத்தது. குழந்தையின் எடையும் அப்படித்தான், சாண் ஏறினால் முழம் சறுக்கும். இருபது கிராம் கூடியது என்று சிரித்துக்கொண்டு வருவேன், அடுத்த நாள் பத்துக் குறைந்திருக்கும். இருந்தாலும் மாதம் ஆகும்போது அவள் ஒரு கிலோவைத் தாண்டினாள், இவர் எழுத்து கோட்டைத் தாண்டாமல் நின்றது. சிஸ்டரே ஒரு நாள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், வாசல்ல மாட்ட ஒரு போர்டு எழுதிக் குடுங்களேன். 'காலணிகளை இங்கே கழற்றவும்'னு," என்று கேட்டார்.

இவர் யோசித்தார். எழுதிக் கொடுத்தது 'செருப்பு வெளியே'.

எனக்கு மானம் போனது. "அவங்க மரியாதையா ஒண்ணு கேட்டா நீங்க அதட்டுற மாதிரி எழுதிக் குடுக்கிறீங்க. நாலு எழுத்து கூடப் போட்டா கை தேஞ்சுடுமா?"

"இது போதும். சுருக்கமா இருக்கு," என்று வேறு பக்கம் பார்த்தார். புதுப் பழக்கத்தோடு புதுத் திமிரும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் சிஸ்டர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். ரத்தத்தில் கிருமி. மூச்சுக்கு மறுபடி குழாய் வைத்திருக்கிறார்கள். "டாக்டருங்க உள்ள இருக்காங்கம்மா. இப்ப யாரும் வர வேண்டாம். நானே வந்து கூப்பிடறேன்." அன்றைக்கு அவர் வாய் நீளமாக இல்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து இவர் பையை நிமிர்த்தினார், நோட்டை எடுத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"எழுதப் போறீங்களா? இப்பவா?"

அவர் பக்கத்தின் மூலையில் தேதி போட்டார்.

"நீங்க அந்தப் பேரை எழுதிட்டீங்க. எனக்குத் தெரியும். இத்தனை நாள் எழுதிட்டு ஒரு தடவைகூடவா எழுதிப் பாத்திருக்க மாட்டீங்க? அதான் இப்படி ஆகுது."

சொல்லக் கூடாததுதான். சொன்னேன். அவர் நோட்டை என் மடியில் வைத்தார்.

நான் முகவரி பார்க்கிறவள். ஒரு பெயர் எங்கே ஒளிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. முதல் பக்கத்திலிருந்து தேடினேன். கோடுகள், வளைவுகள், வரிசை வரிசையாக ஒரே எழுத்து. 'படி', 'பட்டம்', 'மரம்' என்று சின்ன வார்த்தைகள். பெயர் இல்லை. பின் அட்டையின் உள்பக்கம் முப்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக உயிரும் மெய்யும் எழுத இடம் விட்டிருந்தார். இருபத்தேழு கட்டத்தில் எழுத்தும், அதைப் பழகி முடித்த தேதியும் இருந்தன. மூன்று கட்டம் வெறுமையாக இருந்தது. விட்டுப்போன எழுத்துகள் எவை என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் மகளின் பெயர் வந்தது.

"இதை ஏன் விட்டீங்க?"

"நீதானே எழுதக் கூடாதுன்னு சொன்னே."

"பேரைத்தானே சொன்னேன். எழுத்தையா சொன்னேன்?"

"தனித்தனியா எழுதினா கை தானா சேத்துடுமோன்னு பயம்," என்றார். "அதான் அந்தப் பக்கமே போகலை. அந்த எழுத்து வர்ற வார்த்தையையும் தொடலை. அந்த போர்டுகூட..."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் இத்தனை நாள் திமிர் என்று நினைத்தது, என் பயத்தை அவர் எனக்கும் மேலாகச் சுமந்தது. அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அந்தப் பெஞ்சில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "எழுதுங்க," என்றேன். அவர் ழ எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அப்படித்தான் போனது.

அதிலிருந்து நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் சறுக்கவில்லை.

ஐம்பத்தோராம் நாள் மாலை சிஸ்டர் ஒரு வெள்ளை அட்டையோடு வந்தார். "இன்னைக்கு ஏழு தொட்டிலுக்கு மாறியாச்சு. எழுதுங்க சார், பாக்கலாம். எழுதிட்டு ரெண்டு பேருமே உள்ள வாங்க."

இவர் அட்டையைப் பையின்மேல் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். கை அப்படியே நின்றது.

"நாளைக்குத் தரட்டுமா சிஸ்டர்?"

"என்ன சார், ஒன்றரை மாசமா உக்காந்து எழுதுறீங்க. இன்னும் என்ன?"

"இந்த எழுத்துங்க மட்டும் பழகலை."

இருபத்தேழு எழுத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, வேண்டிய மூன்றைத் தொடாமல் வைத்திருக்கும் ஆளை சிஸ்டர் எங்கே கண்டிருக்கப் போகிறார். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். இவர் என்னைப் பார்க்கவில்லை, எழுதலாமா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போகட்டும், இரண்டு கிலோ ஆகட்டும், நடக்கட்டும். என் பயத்துக்கு முடிவு ஏது.

நோட்டை வாங்கினேன். புதுப் பக்கம் திருப்பினேன். பேனாவையும் அவர் கையிலிருந்து வாங்கி, முதல் வரியில் என் மகளின் பெயரை எழுதினேன். என் கையெழுத்தில் அழகு ஒன்றும் கிடையாது. யாருக்கும் குழப்பம் வராது, அவ்வளவுதான்.

"இதைப் பாத்து எழுதுங்க. கால் மணி நேரம் இருக்கு. நான் நகர மாட்டேன்."

எழுதினார். முதல் வரி கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். ஒன்பதாவது வரியில் எழுத்து நிமிர்ந்தது, பதினான்காவதில் கோட்டில் உட்கார்ந்தது. பக்கம் முழுக்க அந்தப் பெயர். நான் ஐம்பத்தொரு நாள் நினைக்கவும் பயந்த பெயர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அட்டையில் எழுதினார். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வேறு அட்டை வாங்கி வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

சிஸ்டர் அட்டையைத் தொட்டிலின் தலைப்பக்கம் செருகிவிட்டு, சத்தமாகப் படித்தார். அவள் பிறந்த பிறகு அந்தப் பெயரை முதல்முறையாகக் காதால் கேட்டேன். பயம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

குனிந்து என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அது தன் பெயர் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.