பொனிபஸின் பூட்டு

வெள்ளைச் சட்டையின் கொலரை மூன்றாவது தடவையாக டொறத்தி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். முதல் தடவையே அது மடிப்பில்லாமல் வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் உடுப்பைக் கொண்டுவந்து தரும்படி உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் சொல்லியிருந்தார்கள். சப்பாத்தும் வேண்டுமா என்று கேட்டதற்கு, அது உங்கள் விருப்பம் என்றார்களாம்.

"விருப்பமாம்," என்றாள் டொறத்தி. "முப்பது வருசமா பூட்ஸ் இல்லாம வெளிக்கிடாத மனுசனுக்கு."

பக்கத்து வீட்டு யோகா இடியப்பத்தையும் சொதியையும் குசினியில் வைத்துவிட்டு வந்து, "அக்கா, இனிக் காணும், சட்டை கருகப்போகுது," என்று வயரைப் பிடுங்கினாள்.

அவள் புருசன் பொனிபஸ் வியாழக்கிழமை பின்னேரம் ஒரு முதியோர் இல்லத்தின் கார் பார்க்கில் விழுந்தார். வானின் பின்கதவைத் திறந்து வேலைச் சாமான் பெட்டியை உள்ளே தள்ளியவர், அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறுபத்து மூன்று வயது. செவ்வாய்க்கிழமை கிரான்பர்ன் தேவாலயத்தில் பூசை, அதன்பிறகு அடக்கம்.

ஏப்ரல் மாதம் என்றால் அந்த வீட்டுக்கு பொனிபஸ் ஒரு விருந்தாளிதான். மெல்பேர்ன் சனம் ஸ்வெட்டரைத் தேடத் தொடங்கும்போது அவர் பள்ளிக்கூடம், கந்தோர், முதியோர் இல்லம் என்று ஒவ்வொன்றாகப் போய், கோடை முழுக்கத் தூங்கிக்கிடந்த, கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர்களைத் தட்டி எழுப்புவார். ஊத்தை கழுவி, பம்பை ஓடவிட்டு, குழாய்களில் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டு வருவார். உயிர்த்த ஞாயிறு பூசைக்குக்கூட எண்ணெய் மணத்தோடுதான் வந்து நிற்பார். பக்கத்தில் முழந்தாளிடவே கூச்சமாக இருக்கும் என்று டொறத்தி வருசா வருசம் சண்டை பிடிப்பாள். இந்த வருசமும் பிடித்தாள்.

அன்று, சனிக்கிழமை, பத்தரை மணிக்கு கம்பனி சூப்பவைசர் க்ளென் போன் எடுத்தான். மகள் டில்ஷா போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் அனுதாபம் சொன்னான். உண்மையாகத்தான் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி விசயத்துக்கு வந்தான். அந்த முதியோர் இல்லத்துப் பொயிலரில் இன்னும் பொனிபஸின் பூட்டுத் தொங்குகிறது. அதைத் திறக்கிற திறப்பு வீட்டில் இருக்கிறதா?

அந்தப் பூட்டைப் பற்றி டொறத்திக்குத் தெரியும். பொயிலரில் கை வைக்கிறவன் காஸ் வால்வை மூடித் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய அட்டையையும் கொழுவிவிடுவான். போட்டவனைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. உள்ளே ஒருத்தன் கை விட்டிருக்க, வெளியே ஒருத்தன் நெருப்பை மூட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

வேலை முடிந்ததென்று வியாழன் காலையே வேலைக் கொப்பியில் கையெழுத்து இருக்கிறது, என்றான் க்ளென். பூட்டைக் கழற்றத்தான் மறந்துவிட்டார் போல. யாருக்கும் வரும், அதுவும் உடம்பு சரியில்லாத நேரம். இன்றிரவு வெப்பநிலை மூன்று பாகைக்கு இறங்கப்போகிறது, உள்ளே வயசாளிகள் எண்பத்துநாலு பேர். திறப்புக் கிடைக்காவிட்டால் ஒரு மணிக்குப் பூட்டை வெட்டிவிட்டுப் பொயிலரைப் போடவேண்டியதுதான்.

"பாவம் அப்பா, மறந்திட்டார்," என்றாள் டில்ஷா.

மறதி என்ற சொல் வந்ததும் டொறத்தி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சங்கதி அது. நவம்பரில் ஒருநாள் கேத்திலைக் காட்டி, "அது... அந்தத் தண்ணி கொதிக்கிறது," என்றார். வங்கியில் வாயைத் திறந்தவர் சொல் வராமல் நின்றார். அவள்தான் முந்திக்கொண்டு பேசினாள். இங்கிலீஷ்தான் முதலில் நழுவியது. குடும்ப டொக்டர் மூளை டொக்டருக்கு எழுதித் தந்த கடிதம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. "குளிர் முடியட்டும், போவம்," என்றார். கம்பனிக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயம் அவருக்கு. அவளும் சரி என்றாள். டில்ஷாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் பிழை விட்டிருந்தால் அது அவளுடைய பிழையும்தான். தலைகுனிவாக இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து திறப்புக்கோர்வையை டில்ஷா எடுத்துவந்தாள். பதினாறு திறப்புகள். எது என்று பார்க்க, பூட்டைப் படமெடுத்து அனுப்பினான் க்ளென்.

"நம்பர் இருநூற்றுப் பதினொண்டு அம்மா. இந்தா, இதுதான்."

டொறத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினாள். சிவப்புப் பூட்டு. அட்டை மறுபக்கம் திரும்பித் தொங்கியது. அதில் கறுப்பு மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. விரலால் பெருப்பித்தாள். கோழி கிண்டினமாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தை இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் வாசிப்பாள்.

'பின்னால புகைக்குழாய் வெடிச்சிருக்கு. புகை உள்ளுக்க வருது. சாமான் வரும்வரை கொளுத்தக் கூடாது.'

கடைசிச் சொற்களின் கீழே இரண்டு கோடு.

"என்னம்மா எழுதியிருக்கு? நான் ஏதோ கிறுக்கல் எண்டு நினைச்சன்."

டொறத்தி வாசித்துக் காட்டினாள். டில்ஷாவின் முகம் மாறியது. "காபன் மொனொக்சைட் அம்மா. மணக்கவே மணக்காது. நித்திரையிலயே..."

"அண்ணை ஏன் தமிழில எழுதினவர்?" என்று கேட்டாள் யோகா.

டொறத்திக்குத் தெரிந்திருந்தது. புகைக்குழாய்க்கு இங்கிலீஷ் சொல் வந்திருக்காது. பேனையைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றாரோ. ஆனால் இன்னொன்றும் அவளை அரித்தது. சொல் மறந்த மனுசன் இல்லாத வெடிப்பைக் கண்டிருந்தால்? தன் பேச்சைக் கேட்டு எண்பத்துநாலு பேர் இரவு முழுக்க விறைத்துக் கிடந்தால்?

"அவனுக்கு எடு பிள்ளை," என்றாள். "வெட்டவேண்டாம், போடவும் வேண்டாம் எண்டு சொல்லு. முதல்ல பின்னால பாக்கச் சொல்லு."

"க்ளென் கேட்டா, ஷுவரா எண்டு?"

"ஓம் எண்டு சொல்லு. என்ர மனுசன் பொயிலர் விசயத்தில பொய் எழுதமாட்டார்."

டில்ஷா க்ளெனுக்கு எடுத்து அப்படியே சொன்னாள். உடுப்பை மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பூட்ஸையும் கொடுத்தாள். திரும்பி வரும்போது டில்ஷா காரை ஓட்ட, டொறத்தி மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடிக்கவில்லை. லாச்சிக்குள் கிடக்கும் கடிதத்தைப் பற்றி அந்தக் காருக்குள்தான் மகளுக்குச் சொன்னாள். டில்ஷா காரை ஓரம் கட்டினாள். இரண்டு பேரும் ஒரு பெற்றோல் ஸ்டேசன் வாசலில் இருந்து அழுதார்கள்.

இரண்டு மணிக்கு க்ளென் எடுத்தான். பின்பக்கத்து உறையைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. காலையில் கையெழுத்துப் போட்டவர், பின்னேரம் திரும்பவும் வந்து பார்த்துத்தான் பூட்டைப் போட்டிருக்கிறார் என்றான். இரவுக்கு மின்சார ஹீற்றர்களும் போர்வைகளும் ஏற்பாடு செய்துவிட்டான். புதுக்குழாய் திங்கள் காலை வரும். பிறகு, பூட்டை வெட்டத் தனக்கு மனம் வரவில்லை என்றான். திறப்போடு அவள் வரமுடியுமா?

திங்கட்கிழமை தாயும் மகளும் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். நடையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தொப்பியும் கையுறையும் போட்டு, போர்வைக்குள் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பொயிலர் அறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. புதுக்குழாய் பளபளத்தது. அதன் பக்கத்தில், சிவப்புப் பூட்டில், பொனிபஸ் பாஸ்போட் படத்து முறைப்போடு தொங்கினார்.

க்ளென் ஒரு படிவம் வைத்திருந்தான். பூட்டுக்காரன் இல்லாமல் பூட்டைத் திறப்பதானால் நிரப்பவேண்டியது. அவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று உறுதிசெய்தாயா? சரி போட்டான். இடத்தைச் சோதித்தாயா? சரி போட்டான். மூன்றாவதில் பேனை நின்றது.

"என்ன அது?" என்றாள் டொறத்தி.

டில்ஷா எட்டிப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அவருக்குக் கோல் எடுத்துப் பாத்தாச்சோ எண்டு கேட்டிருக்கு அம்மா."

அது தேவையில்லை, சும்மா சரி போட்டுவிடுகிறேன் என்றான் க்ளென். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

டொறத்தி இல்லை என்று தலையாட்டினாள். பொனிபஸ் ஒரு நாளும் வேலை செய்யாமல் சரி போட்டவரில்லை.

"கோல் ஹிம், க்ளென்," என்றாள்.

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பொக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பெயரைத் தேடி அழுத்தினான்.

டொறத்தியின் கைப்பைக்குள் மணி அடித்தது. ஏனென்று தெரியாமலே ஒவ்வொரு இரவும் அவள் பொனிபஸின் போனை சார்ஜ் பண்ணி வைத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை மூன்று பேரும் பொயிலரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதில் இல்லை என்ற பெட்டியில் க்ளென் சரி போட்டான். டொறத்தி திறப்பைப் பூட்டுக்குள் விட்டாள்.