பச்சை மோட்டார் யாருடையது

மாதனூர்ப் பக்கம் சாலைக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு மோட்டார்களுக்குக் குறைவில்லை. தூரத்தில் வரும் வண்டியை யார் முதலில் பார்த்து, அது புளியமரத்தைத் தாண்டுவதற்குள் "என்னுது" என்கிறாளோ, அவளுக்கே அது சொந்தம். வாணியம்பாடி வியாபாரியின் தவளைக்கண்ணன் என்னுடையது. ஜோலார்பேட்டை ரயில்வே துரையின் இருமல்காரன், என் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் மரியம்மாளுடையது. அது மேட்டில் ஏறும்போது இருமுகிற இருமலுக்கு அவள்தான் கவலைப்படுவாள். பெயரெல்லாம் நாங்கள் வைத்ததுதான். கம்பெனிக்காரன் வைத்த பெயர் யாருக்குத் தெரியும்?

பச்சை மோட்டாரால்தான் வம்பு வந்தது. ஆம்பூர் தோல் வியாபாரி நிசார் அஹமது சாகிபு புதிதாக வாங்கியது. நல்ல கிளிப்பச்சை. நான்தான் முதலில் பார்த்தேன். மரியம்மாளோ தான்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னாள்.

"ஏன்டி பட்டு, உன் கண்ணு இன்னா, மெட்ராஸ் வரைக்கும் பாக்குதா?" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் வீட்டுக்காரரையும் இழுத்துப் பேசிவிட்டேன். நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் ஜல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். போனால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவள் சுத்தியல் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். சரிந்து கிடந்தாள், புடவையெல்லாம் ரத்தம். மாட்டு வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அவள் தாங்கமாட்டாள்.

ஆம்பூர்ப் பக்கம் புழுதி கிளம்பியது. பச்சை. ஓடிப்போய் நடுச்சாலையில் கையை விரித்து நின்றேன்.

வண்டி என் முழங்காலை உரசாத குறையாக நின்றது. பின்னால் சாகிபு, பக்கத்தில் ஒரு கட்டு தோல்.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினார்.

"இது ஒங்க வண்டி இல்லீங்க," என்றேன். பயத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "மரியம்மா வண்டி. அவதான் மொதல்ல பாத்தா. அதோ ரத்தமா கெடக்கறா. அவ வண்டில அவள ஏத்திக்கினு போங்க."

சாகிபுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் கை காட்டிய பக்கம் பார்த்தார். இறங்கினார். தோல் கட்டைத் தாமே தூக்கிச் சாலையோரம் போட்டார்.

"ஜல்தி ஏத்தும்மா. வேலாயுதம், நேரா வேலூருக்கு வுடு," என்று சொல்லிவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சீட்டு பாழாயிடுங்க," என்றேன்.

"தோலுதானே. அத்த நாங்க பாத்துக்கறோம்."

பள்ளிகொண்டா தாண்டியபோது என் மடியில் கிடந்த மரியம்மாள் கண்ணைத் திறந்தாள். "பட்டு, சீட்டு மெத்துனு கீதுடி," என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, புளியமரத்தில் தூளி கட்டிவிட்டு மரியம்மாள் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் தூரத்தில் பச்சை தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னாடி சும்மா குந்திக்கினு கீறே? சொல்லு," என்றாள். "அன்னிக்கும் நீதான் மொதல்ல பாத்தே."

வண்டி தூளியைத் தாண்டுவதற்குள் "என்னுது" என்று சொல்லிவிட்டேன்.