எலிசாள் டீச்சர் வாங்கிய டேப்லெட்

"கேமரா வேலை செய்யாது, பேட்டரி உச்சிப்பொழுதுக்குள்ள தீந்துபோவும், பாதி ஆப்பு வராது. பின்னே டீச்சரே, இது கொள்ளாமா?" என்று கேட்டார் ஜெயன். ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறவர், தேவாலயச் சபையின் செயலாளர். உலகத்தில் உள்ள எதையும் கொள்ளாம், கொள்ளாது, அதாவது நல்லது, ஆகாது என்று இரண்டே கூடைக்குள் போட்டுவிடுகிற மனிதர்.

"எனக்குக் கொள்ளாம்," என்றாள் எலிசாள்.

மலையாள தேசத்தில், கரமனைப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில் பதினான்கு வருடமாகக் கோயர் என்கிற பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். அதுவரை ஆண்களே பிடித்துவந்த, தாளம் காட்டும் குச்சியை ஒரு பெண்ணிடம் கொடுப்பதற்கு மூன்று முறை கமிட்டி கூடிப் பேசினார்கள். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலுக்கும் டோ, ரே, மீ என்று எழுத்தில் சுரம் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்த வரியில் பேஸ் பாடும் ஆண்கள் வழக்கம்போலச் சறுக்குவார்கள் என்பது வரைக்கும் குறித்துவைத்திருப்பாள்.

அவ்வளவும் பழைய டேப்லெட்டில், ஓர் ஆப்பில் இருந்தது. போன வருடம் ஒரு காலையில் அந்த ஆப், இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று ஒரு வரி காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. கம்பெனிக்கு ஒன்பது கடிதம் எழுதினாள். ஒன்பதுக்கும் ஒரே பதில், மனிதக் கை படாத பதில். அவள் பாட்டு, அவள் கையெழுத்து, சாவி மட்டும் எவனிடமோ. அன்று வந்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பாடுகிறவர்களிடம் பழைய ஜெராக்ஸ் தாள்களைக் கெஞ்சி வாங்கினாள். மீதியை நினைவிலிருந்து எடுத்தாள். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு பாட்டையும் மறுபடி எழுதி முடித்தாள்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இது. யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம் என்கிற லினக்ஸ் டேப்லெட். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் பதினைந்து வருடமாக லினக்ஸோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அதில் பயம் இல்லை. சாதனம் அரைகுறை என்பதும் தெரியும். திரை உறங்கப்போனால் சில நேரம் எழுந்து வராது. எவ்வளவு நேரம் சும்மா கிடந்தாலும் உறங்காதே என்று அதற்கு உத்தரவு போட்டுவைத்திருந்தாள்.

"சபை செலவில நல்லதா ஒண்ணு வாங்கித் தாறேன் டீச்சரே. எல்லாரும் வாங்குறது," என்றார் ஜெயன்.

"எல்லாரும் வாங்குறதைத்தான் நானும் முன்னே வாங்குனேன்."

"அறுப்பின் பண்டிகை ஆராதனையில இது நின்னுபோச்சுன்னா?"

"நின்னா குச்சியைத் தாறேன். யாருக்கு வேணும்னாலும் குடுங்க."

கோயர் முழுவதும் கேட்டுக்கொண்டு இருந்தது. அந்தக் குச்சி போனால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. ஆனாலும் சொன்னதை விழுங்க மனம் வரவில்லை.

பண்டிகையன்று ஆலயத்தின் முன்புறம் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் காணிக்கையாகக் குவிந்து கிடந்தன. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாவதுதான் பெரிய பாட்டு, நான்கு குரலும் பின்னிப் போவது. அதற்கு முன்னால் ஜெயன் மைக்குக்கு வந்து, "ஜெபிப்போம்," என்றார்.

அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். கையில் உள்ள புத்தகத்தை மூடுவார்கள், பிறகு கண்ணை மூடுவார்கள். நினைத்துச் செய்கிற காரியம் அல்ல. எலிசாளின் கையும் டேப்லெட்டின் கவரை மூடியது. மூடிய பிறகுதான் நினைவு வந்தது. கவரை மூடினாலும் அது உறங்கும். அதற்கு உத்தரவு போட மறந்துவிட்டாள்.

திறந்தாள், கறுப்பு. பொத்தானைத் தட்டினாள், கறுப்பு. அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டாள். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடத் தொடங்கின. சாதாரணமாக ஜெயன் ஜெபம் மழையில் தொடங்கி மந்திரிசபை வரைக்கும் போகும். கர்த்தாவே, இன்னும் நீட்டட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். அன்று பார்த்து மனிதர் நாலு வரியில் ஆமென் சொல்லிவிட்டார்.

இருபத்தாறு பேர் அவள் கையைப் பார்த்தார்கள். பாட்டு அவளுக்கு மனப்பாடம். கையை உயர்த்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நின்றுபோனதை ஒளித்து நடத்த அவளுக்குப் பிடிக்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"டேப்லெட் நின்னுபோச்சு. ஒரு நிமிஷம் இருங்க, வரும்."

ஏலத்துக்குக் காலைக் கட்டிப் போட்டிருந்த சேவல் வெளியே கூவியது. யாரோ சிரித்தார்கள். எலிசாள் அசையாமல் நின்றாள். முகம் எரிந்தது, தலை குனியவில்லை. திரையில் வெளிச்சம் வந்ததும் திரும்பிக் கையை உயர்த்தினாள். அன்று பேஸ்கூடச் சறுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் குச்சியை ஜெயன் முன்னால் வைத்தாள்.

"ஒரு நிமிஷந்தானே டீச்சரே, அதைப் போயி..." என்று அவர் இழுத்தார்.

"நின்னது நின்னதுதான்."

"அப்போ அந்தச் சாமானத்தை இனியாவது விடுங்க."

"குச்சியைத்தான் தாறேன்னு சொன்னேன். இதைச் சொல்லல."

கரமனைப் பாலத்தில் நடந்து வரும்போது அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு டேப்லெட்டைத் திறந்து, கவரை மூடினாலும் உறங்காதே என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். மூடித் திறந்தாள். வெளிச்சம் அப்படியே இருந்தது. பழைய கம்பெனிக்கு எழுதிய ஒன்பது கடிதத்தால் நடக்காதது ஒரு வரியில் நடந்தது.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். ஆல்ட்டோ பெண்களின் பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்தாள். குச்சி இப்போது டெனர் பாடும் விஜின் கையில். பாங்கில் வேலை, நல்ல குரல். அவன் முன்னால் சபை வாங்கிக் கொடுத்த பளபளப்பான டேப்லெட். அதில் ஒரு பாட்டும் இல்லை. வியர்த்துப்போய் அவளிடம் வந்தான்.

"டீச்சர், சுரம் எழுதின நொட்டேஷன் ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

ஜெயன் வாசலில் நின்று பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த வாரமே குச்சி திரும்பி வந்துவிடும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கம்பெனி அவளுக்குச் செய்ததும் அதுதானே என்று தோன்றியதும் கை தானாகப் பைக்குள் போனது. பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

"இருநூத்திப் பதினாலும் இருக்கு. எல்லாருக்கும் குடு."

விஜின் வாங்கிக்கொண்டான். "பாஸ்வேர்டு என்ன டீச்சர்?"

"கிடையாது."

பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "ஜெயன், இனி என் டேப்லெட் கொள்ளாமான்னு எங்கிட்ட கேக்காதீங்க."