புதுப் பல்லுக்கு முதல் கறி

பல்செட் கட்டியதிலிருந்து மாமனார் கறியைத் தொடவில்லை. மெல்ல முடியாமல் எல்லார் முன்னாலும் துப்ப நேர்ந்துவிடுமோ என்று பயம். ஞாயிறன்று வெல்டர் மருமகன் கொல்லைப்புறத்தில் கேஸ் கிரில்லைப் பற்றவைத்து, மூடிபோட்டுக் கால் மணி நேரம் காயவிட்டான். தடித்த மாட்டுக்கறித் துண்டை ஈரம் போகத் துடைத்து, உப்புத் தடவிக் கம்பிமேல் போட்டான். சுர்ரென்றது.

"திருப்புங்க மாப்பிள்ளை, ஒட்டிக்கப் போகுது!"

"அவசரப்படாதீங்க மாமா. நல்லா சிவந்தா அதுவே விட்டுக்கும்."

சொன்னபடியே விட்டு வந்தது. இருபுறமும் சிவந்ததும் இறக்கி, சற்று ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அறுத்தான். தட்டை நீட்டிவிட்டு, அவர் கூச்சமில்லாமல் மெல்லட்டும் என்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முதுகுக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு காலித் தட்டு அவன் விலாவில் இடித்தது.

"இன்னும் ரெண்டு வைங்க," என்றார் மாமனார், வாய் நிறையக் கறியோடு.