அண்ணி வீட்டுச் சோப்பு

காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தில் இருந்தவர்கள்: கெமிஸ்ட் மேடம், ஆஸ்பத்திரி சூப்பர்வைசர், அங்கே தரை துடைக்கும் என் அண்ணி, இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான். கெமிஸ்ட்ரியைப் பாதியில் விட்டவன். இங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன்.

மேசையில் எங்கள் ஆய்வகத்துப் பாட்டில் ஒன்று. உள்ளே அண்ணியின் கேனிலிருந்து மாதிரிக்கு எடுத்த, ஆஸ்பத்திரித் தரைக்கான கிருமிநாசினி. நேற்றைய சோதனையில் பாதி வீரியம்தான் இருந்தது. அண்ணி தண்ணீர் கலந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்றார் சூப்பர்வைசர். இன்றும் பாதி வந்தால் அவளுக்கு வேலை இல்லை.

மேடம் அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து, குளோரோஃபார்மும் நீலச் சாயமும் சேர்த்துக் குலுக்கினார். நீலம் அடியில் தங்கியது. மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டார். நீலம் வெளுக்க எத்தனை மில்லி போகிறதோ, அதுதான் மருந்தின் கணக்கு. பத்து போக வேண்டும். ஐந்திலேயே வெளுத்துவிட்டது.

“பாத்தீங்களா?” என்றார் சூப்பர்வைசர்.

அண்ணி என்னைப் பார்த்தாள். “தம்பி, நான் ஒரு சொட்டுகூட...”

“தெரியும் அண்ணி.”

பாட்டில் மூடியை முகர்ந்தேன். எங்கள் வீட்டுத் துணி வாசனை. போன வாரம் கழுவுகிற ஆசிட் தீர்ந்துபோனது. வீட்டுச் சோப்புத்தூளைக் கொண்டுவந்து சமாளித்தேன். சரியாக அலசவில்லை. சோப்பு பட்டால் இந்த மருந்து முடங்கிவிடும். ‘சோப்பு உள்ளே வரக்கூடாது, மீறினால் வேலை இல்லை’ என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

“மேடம், தப்பு என்னோடது. இந்தப் பாட்டில நான் சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன்.”

“ஏதுடா சோப்புத்தூள்?”

“அண்ணி வாங்கி வெச்சது.”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். “அதான் பாக்கெட் சட்டுனு தீருதா! பாவம், உங்க அண்ணனையில்ல திட்டித் தீர்த்தேன்!”

மேடம் வேறு பாட்டிலைத் தானே அலசினார். சூப்பர்வைசர் கொண்டுவந்திருந்த அண்ணியின் கேனிலிருந்து புதிதாக எடுத்தார். ஐந்து. ஏழு. நீலம் அசையவில்லை. பத்தில் வெளுத்தது.

“நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடும்மா,” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார்.

மேடம் என்னிடம் கை நீட்டினார். ஆய்வகச் சாவியைக் கொடுத்தேன்.

“படிச்சு முடிச்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்பியா?”

“படிச்ச பாதிதான், மேடம், என் வாயைத் திறக்க வெச்சுது.”

அவர் சிரிக்கவில்லை. என் கையை மட்டும் சட்டென்று விடவில்லை.

அண்ணி என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “வா, வந்து தூங்கு. சாயங்காலம் வேற வேலை பாக்கலாம். கழுவுற வேலை மட்டும் வேணாம், சாமி.”

வெளியே வந்தோம். பின்னால் கதவு மூடிக்கொண்டது. இதுவரை என்னிடம் இருந்த சாவி பூட்டில் திரும்பியது.